ஆறு மில்லிமீட்டர் பீரங்கி

அக்காவின் கடிதத்தில் மூன்று செய்திகள் இருந்தன. பிரான்சில் இருக்கும் மகளுக்கு வயிற்றில் எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது. அவளிடம் போக அக்காவுக்கு விமான டிக்கெட் வந்துவிட்டது. போலீசார் ஒரு பீரங்கியைக் கேட்கிறார்கள். மூன்றையும் ஒரே நிதானமான கையெழுத்தில் எழுதி, 'லீவு கிடைத்தால் வந்து போ' என்று முடித்திருந்தாள்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தில், ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி. தோட்டத்துக் கணக்கும் சாமான்களும் என் பொறுப்பு. பால் வாளி, மரம் சீவும் கத்தி, மானேஜரின் இரண்டு வேட்டைத் துப்பாக்கிகள், அவற்றின் தோட்டாக்கள் எல்லாமே என் பேரேட்டில்தான் குடியிருக்கின்றன. எங்கள் நாட்டில் உரிமம் இல்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால் தூக்கு வரைக்கும் போகும். 'பீரங்கி' என்ற சொல்லைப் படித்ததும் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகக் கதவைச் சாத்தினேன். பிறகு பதினான்கு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விஷயம்' என்று மட்டும் போட்டேன்.

எழுபத்தொன்பது டிசம்பர். புதுச்சேரியில் சுவர் விட்டுச் சுவர் தேர்தல் சின்னம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பேருந்து நிலையத்திலிருந்து மூலக்குளத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். சங்கிலி மூன்று முறை கழன்றது. நான்காம் முறை ரிக்‌ஷாக்காரர் இறங்கி, "சார், அந்த மேடு வரைக்கும் கொஞ்சம் நடந்துருங்க" என்றார். நடந்தேன். என் பெட்டி மட்டும் உட்கார்ந்து சவாரி செய்தது. மேடு முடிந்த பிறகும் அவர் நிற்கவில்லை. ஏறச் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். எனக்கு ஐம்பத்தொன்று. அவளுக்கு ஐம்பத்தெட்டு. அத்தான் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

"வந்துட்டியா தம்பி? ரிக்‌ஷா முன்னால வருது, நீ பின்னால வர்ற! இது இன்னா கூத்து?"

வடகம் தாளித்த சங்கராமீன் குழம்பு போட்டாள். எங்கள் ஊரில் மீன் குழம்பு என்றால் தேங்காய்ப்பால் முன்னால் நிற்கும். இங்கே புளி முன்னால் நிற்கிறது. இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்ட பிறகே பீரங்கியைப் பற்றிக் கேட்டேன்.

அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து பழைய வேட்டியில் சுற்றிய ஒரு நீளப் பொருளை எடுத்து வந்தாள். பிரித்தேன். வாதுமைக் கட்டை, எட்டுப் பட்டையாகச் செதுக்கிய குழல், கட்டைவிரலால் இழுக்கிற சுத்தியல். என் அளவுநாடாவால் அளந்தேன். மொத்த நீளம் ஒரு மீட்டர் இரண்டு சென்டிமீட்டர். குழல் மட்டும் அறுபத்தொன்று. குழல் வாயில் என் பென்சிலை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை.

"இதையா பீரங்கின்னு சொல்றாங்க?"

"அவங்க சொல்லலடா. அவங்க நோட்டு சொல்லுதாம்."

கதை இதுதான். அத்தான் ஒரு பிரெஞ்சு அதிகாரியின் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது அந்த அதிகாரி, பெருச்சாளியும் காக்கையும் விரட்டுவதற்கு வைத்திருந்த இந்தத் தோட்டத்துத் துப்பாக்கியையும் அதன் அனுமதிச் சீட்டையும் அத்தானிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். பிறகு இந்திய அரசு வந்தது. பிரெஞ்சுச் சீட்டுகளைப் பார்த்து இந்தியப் பதிவேட்டில் எழுதினார்கள். பிரெஞ்சுச் சீட்டில் 'காலிபர் 6 மி.மீ.' என்று, அதாவது குழலின் உள்விட்டம், இருந்தது. இந்தியப் பதிவேட்டில் மில்லிமீட்டருக்கு இடமில்லை. 'போர்' என்று ஒரு கட்டம் இருந்தது. எழுதிய புண்ணியவான் ஆறை மட்டும் எடுத்துக் கட்டத்தில் வைத்துவிட்டு மில்லிமீட்டரை வெளியே நிறுத்திவிட்டார்.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். மானேஜரின் துப்பாக்கிகளோடு இருபத்திரண்டு வருடம் பழகியதால் எனக்குத் தெரியும். போர் என்பது பழைய ஆங்கிலேயக் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஒரு உருண்டை நுழையும் குழல் பன்னிரண்டு போர். ஆறு உருண்டைகளாக உருட்டினால் ஆறு போர். எண் குறையக் குறையக் குழல் பெருக்கும். பிரெஞ்சுக்காரரின் ஆறு ஒரு காய்ந்த பட்டாணி. ஆங்கிலேயரின் ஆறு நல்ல நெல்லிக்காய். நெல்லிக்காய் அளவு குண்டை எறியும் துப்பாக்கியை அந்தக் காலத்துத் துரைமார்கள் யானைக்கு வைத்திருந்தார்கள். சுட்டால் யானை ஒரு பக்கம் விழும், துரை ஒரு பக்கம் விழுவார்.

ஆக, மூலக்குளத்தில் ஒரு தோட்டக்காரரின் வீட்டில், அரசு ஆவணப்படி, ஒரு யானைத் துப்பாக்கி இருபது வருடத்துக்கு மேலாக இருந்து வருகிறது.

தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளை எல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அத்தான் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒப்படைத்தார். அவர்கள் '6 போர்' என்று எழுதிய அட்டையை இதன் கழுத்தில் கட்டி அலமாரியில் வைத்து, தேர்தல் முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். அட்டையும் துப்பாக்கியும் ஒருபோதும் சண்டை போட்டதில்லை. அத்தான் போன பிறகு உரிமம் அக்கா பெயருக்கு மாறியது. அதுவும் ஆறு போராகவே மாறியது. இந்த முறை புதிதாக ஓர் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். அவர் அட்டையைப் படித்துவிட்டுத் துப்பாக்கியையும் பார்த்துவிட்டார். அதோடு அக்காவின் பாஸ்போர்ட்டும் நின்றுபோயிற்று.

"அதுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"போலீசு ரிப்போர்ட்டு குடுக்கணும்ல? ஆயுதம் நிலுவைன்னு எழுதி நிறுத்திட்டாங்க." குழம்புச் சட்டியை மூடி ஓரமாக நகர்த்தினாள். "போன தடவ அவ தனியா இருந்தா. கொழந்த தங்கல. நான் இங்க தந்திதான் வாங்கினேன். இந்தத் தடவ நான் போயே ஆவணும்டா."

டிக்கெட் ஜனவரி ஐந்தாம் தேதிக்கு. அன்றைக்கு டிசம்பர் பதினெட்டு. டைரியில் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதினேன்.

மறுநாள் காலை 9.40-க்குக் காவல் நிலையம் போனோம். இவ்வூர்க் காவலர்களின் சிவப்புத் தொப்பி, உருளையாக, முன்பக்கம் சிறு விளிம்போடு, பிரெஞ்சுக்காரர்கள் மறந்து விட்டுச் சென்றது போல இருக்கும். தொப்பி மட்டும் அந்தக் காலம். அதன் கீழே இருப்பவர்கள் எல்லா ஊர்க் காவலர்களையும் போலத்தான்.

இன்ஸ்பெக்டருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. மேசைமேல் பென்சில்கள் நீள வரிசையில் அடுக்கியிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எனக்குப் பிடித்தவர்களிடம்தான் எனக்கு எப்போதும் வேலை ஆவதில்லை.

"ஆறு போர்னா என்னன்னு தெரியுமா சார் உங்களுக்கு?" என்றார்.

"தெரியும். அதனால்தான் இது ஆறு போர் இல்லை என்கிறேன்."

"நானும் அதத்தான் சொல்றேன். ரெஜிஸ்தர்ல யானைத் துப்பாக்கி இருக்கு. நீங்க எலித் துப்பாக்கி கொண்டாந்திருக்கீங்க. யானைத் துப்பாக்கி எங்க?"

"அப்படி ஒன்று இல்லை."

"இல்லாத துப்பாக்கிக்கா இத்தனை வருஷமா லைசென்ஸ் புதுப்பிச்சாங்க?"

அவர் சொன்னது சரிதான்.

"சரி, இதையாவது ஒப்படைத்துவிட்டுப் போகிறோம்" என்றேன்.

"ரெஜிஸ்தர்ல இல்லாத துப்பாக்கிய நான் எப்படி வாங்கிக்க முடியும்?"

"அப்படியானால் வீட்டுக்கு எடுத்துப் போகிறோம்."

"தேர்தல் நேரத்துல ஆயுதம் வீட்டுல இருக்கக் கூடாது."

"இங்கேயும் வைக்கக் கூடாது, வீட்டிலும் வைக்கக் கூடாது என்றால் எங்கே வைப்பது?"

அவர் உண்மையாகவே யோசித்தார். பென்சில் ஒன்றை எடுத்து மறுபடி வரிசையில் வைத்தார். "அது எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

நாங்கள் திரும்புகையில் ரிக்‌ஷா கிடைக்கவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறினோம். நடத்துனர் வேட்டிச் சுருளைத் தட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, இம்மாம் நீளம்?" எனக்குப் பொய் வராது. துப்பாக்கி என்றேன். எங்கள் ஊராக இருந்தால் பஸ் அங்கேயே நின்றிருக்கும், நானும் தலைக்குமேல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருப்பேன்.

அவர், "லக்கேஜ் டிக்கெட் வாங்கணும்" என்றார்.

மூன்றாம் நாள் ஒரு நல்ல காரியம் நடந்தது. காவல் நிலையத்தில் பதிவேடுகளை எழுதுகிற தலைமைக் காவலரை ரைட்டர் என்பார்கள். அவர் எங்களை வராந்தாவில் ஓரமாக நிறுத்தி, "எக்ஸ்பர்ட் சர்டிபிகேட் ஒண்ணு கொண்டாந்துருங்கம்மா. மெட்ராசுக்கு அனுப்பினா எட்டு மாசம் ஆவும். இங்கயே கடற்கரைப் பக்கம் முசியே அந்துவான்னு ஒருத்தரு இருக்காரு. பிரெஞ்சு ராணுவத்துல துப்பாக்கி ரிப்பேர் பண்ணவரு. அவரு சொன்னா ஐயா கேப்பாரு" என்றார்.

முசியே அந்துவான் தமிழர். தாத்தா காலத்தில் பெயரை மாற்றிக்கொண்டு பிரெஞ்சுக் குடிமக்களான குடும்பம். எழுபது வயதிருக்கும். காலை பத்து மணிக்குக் கோட்டு போட்டிருந்தார். எங்களுக்கு நீள ரொட்டியும் வெண்ணெயும் வைத்து, தனக்கு மட்டும் ஒரு கிளாசில் சிவப்பாக ஏதோ ஊற்றிக்கொண்டார். துப்பாக்கியைக் கண்டதும், "ஓ லா லா!" என்று இரண்டு கைகளாலும் வாங்கினார். குழந்தையை வாங்குவது போலத் தலைப்பக்கம் தாங்கி வாங்கினார். அக்கா அதைக் கவனித்தாள்.

"இது ஆறு மில்லிமீட்டர்தானே முசியே?" என்றேன்.

"இருங்க, இருங்க. அதுக்கு முதல்லேர்ந்து வரணும்."

முதலிலிருந்தே வந்தார்.

"முதல்ல திரி. சிப்பாய் ஒரு கையில துப்பாக்கி, இன்னொரு கையில எரியிற கயிறு. மழை பெஞ்சா ரெண்டு ராஜாவும் சண்டைய நிறுத்திட்டுக் கூடாரத்துக்குப் போயிடுவாங்க. அப்புறம் சிக்கிமுக்கிக் கல்லு. கல்லு இரும்புல தட்டும், பொறி பறக்கும். அத ஒழுங்கா செஞ்சது யாரு? பிரான்சு! அப்புறம் தட்டினா தானா வெடிக்கிற மருந்து. அது மட்டும் ஸ்காட்லாந்துல ஒரு பாதிரியாரு. தப்பான எடத்துல பொறந்துட்டாரு, பாவம்."

"அவ்ளோ நீளம் எதுக்கு?" என்று அக்கா கேட்டாள். சுவரில் ஒரு பழைய படம் இருந்தது. அதில் சிப்பாய்கள் தங்களைவிட உயரமான துப்பாக்கிகளோடு நின்றிருந்தார்கள்.

"நல்ல கேள்வி மதாம்! கறுப்பு மருந்து மெதுவா எரியும். குழல் நீளமா இருந்தாத்தான் குண்டை முழுசாத் தள்ளும். அப்புறம் முனையில கத்திய மாட்டினா, குதிரை மேல வர்றவன எட்டிக் குத்தலாம். பாதி துப்பாக்கி, பாதி ஈட்டி. சுட்டது படலன்னா குத்தறது. பெரும்பாலும் குத்தறதுதான்."

பிறகு குழலுக்குள் திருகு வரி வெட்டிய கதை. திருகு இருந்தால் குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போகும். வேடர்களுக்கு முந்நூறு வருடத்துக்கு முன்பே தெரியும். ஆனால் குண்டை வாய் வழியாக, திருகுகளில் இறுக்கி, கம்பியால் அடித்து இறக்க வேண்டும். "ஒருத்தன் ரெண்டாவது குண்டு போடறதுக்குள்ள எதிரி சாப்ட்டுட்டு வந்துருவான். அதனால தளபதிங்க, 'குறி வேணாம், வேகம் போதும்'னாங்க. ஆயிரம் பேரு ஒரே திக்குல சுட்டா எவனாவது விழுவான்ல?"

"அப்ப குறி பார்க்கிறதே இல்லையா?"

"குறி பாக்கறது மரியாதக் குறைவு மதாம்."

இங்கே அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு எங்கள் துப்பாக்கியைத் தடவிக்கொடுத்தார். பாரிசில் ஓர் ஆள், தட்டினால் வெடிக்கிற அந்த மருந்தை வைத்த சிறு செப்புக் குப்பியின் தலையிலேயே ஒரு சிறு குண்டை உட்கார வைத்தான். வேறு மருந்தே இல்லை. திணிக்கிற கம்பியும் இல்லை. பின்பக்கம் திற, போடு, மூடு, சுடு. பணக்காரர்கள் விருந்துக்குப் பிறகு வரவேற்பறையில் நின்று சீட்டுக்கட்டைச் சுடுவதற்காகச் செய்தது. மருந்தும் குண்டும் சேர்ந்து ஒரே உலோகக் குப்பியாக வரும் தோட்டாக்களின் குலத்துக்கு மூத்த பிள்ளை அதுதான். பிறகு ராணுவம் விழித்துக்கொண்டது. 1866-இல் காகிதத் தோட்டா, 1874-இல் பித்தளைத் தோட்டா, 1886-இல் புகையில்லாத மருந்து.

"புகை இல்லாததால எதிரிக்கு நாம எங்க இருக்கோம்னு தெரியாது. எதிரிக்கும் மருந்து கெடச்சதும் நமக்கும் தெரியாம போச்சு. வுவாலா, இதுதான் நாகரிகம்!"

சான்றிதழ் எழுதித் தரச் சம்மதித்தார். மாலைவரை எழுதினார். பிரெஞ்சில் ஆறு பக்கம். ஐந்தே முக்கால் பக்கம் திரியிலிருந்து ஆரம்பிக்கும் சரித்திரம். எங்கள் துப்பாக்கி கடைசிப் பத்தியில் வந்தது. அதிலும் அரைவாசி அதன் வாதுமைக் கட்டையின் அழகைப் பற்றியது என்று அவரே பெருமையோடு மொழிபெயர்த்துச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் அந்த ஆறு பக்கங்களையும் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. "எனக்கு பிரெஞ்சு தெரியாதுங்க" என்றார். இந்த வம்பு முழுவதும் யாரோ ஒருவர் பிரெஞ்சு தெரியாமல் எழுதியதால் வந்தது என்று சொல்ல நினைத்தேன். பக்கங்களை அடுக்கி வாங்கிக்கொண்டேன்.

அதற்குள் எங்கள் ஊர்வலம் வழக்கமாகிவிட்டது. காலையில் துப்பாக்கியை வேட்டியில் சுற்றி நிலையத்துக்குக் கொண்டுபோவோம். வாங்க மறுப்பார்கள். மாலையில் கொண்டுவந்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைப்போம். வாசலில் காவலுக்கு நிற்கிறவர், "வாங்கம்மா, யான வந்துருச்சா?" என்பார். அக்கா, "யானக்கிக் கரும்பு வாங்கிப் போடு" என்பாள்.

இருபத்துமூன்றாம் தேதி எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு பவுண்டு ஈயத்தை ஆறு உருண்டையாக்கி அவர் கண்முன் வைத்தால்? பதிவேடு சொல்லும் குண்டு எவ்வளவு பெரியது என்று அவரே பார்க்கட்டும். ஈயத்துக்கு வைத்திக்குப்பம் போனேன். அங்கே வலைக்குக் கட்டுகிற ஈயம் கிடைக்கும். படகுகளுக்கு நடுவே ஒருவர் வலையைப் பரப்பிவைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு பவுண்டு ஈயம் வேண்டும்."

"பவுண்டா? அது எப்பவோ செத்துப்போச்சு அண்ணே. கிலோவுல கேளு."

"நானூற்று ஐம்பத்துமூன்று கிராம் அறுநூறு மில்லிகிராம்."

அவர் முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பக்கத்துப் படகில் இருந்தவரைக் கூப்பிட்டார். "ஏ மச்சான், இங்க வாயேன். இவரு மில்லிகிராம்ல ஈயம் கேக்கறாரு." பிறகு என்னிடம், "எந்த ஊரு அண்ணே நீ?"

"மலேசியா."

"அதான் பாத்தேன். அத வச்சு இன்னா பண்ணப் போற?"

"ஆறு சம உருண்டையாக்க வேண்டும்."

"எந்த மீனுக்கு?"

"மீனுக்கு இல்லை. போலீசுக்கு."

இருவரும் சிரித்த சிரிப்பில் படகோரம் இருந்த காகங்கள் எழுந்து பறந்தன. ஆனால் செய்து கொடுத்தார்கள். இரும்புக் கரண்டியில் உருக்கி, ஈர மணலில் குழி குத்தி ஊற்றினார்கள். ஒன்று கொஞ்சம் சப்பையாக வந்தது. அதை மறுபடி ஊற்றச் சொன்னேன். "போலீசுக்கு இவ்ளோ சுத்தமா எவன் செஞ்சு குடுக்கறான்!" என்றார் மச்சான்.

ஆறு உருண்டைகளையும் இன்ஸ்பெக்டரின் மேசையில் பென்சில் வரிசைக்கு இணையாக வைத்தேன். கணக்கைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"பவுண்டு சட்டப்படி செல்லாதே சார்."

"போர் என்பதே பவுண்டை வைத்துத்தான் இருக்கிறது."

"அப்ப செல்லாத அளவ வச்சு ரெஜிஸ்தர் எழுதியிருக்குன்னு சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லவில்லை." அப்படித்தான் சொன்னேன்.

அவர் ஓர் உருண்டையை எடுத்துத் துப்பாக்கியின் வாயருகே கொண்டுபோனார். நெல்லிக்காயைக் கொண்டு ஊசியின் காதை அடைப்பது போல் இருந்தது. ரொம்ப நேரம் அப்படியே பிடித்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இருபது வருடத்துக்கு முன் எங்கள் தோட்டத்தில் ஒரு பால்மரத் தொழிலாளிக்கு, நோயில் கிடந்த தாயைப் பார்க்க ஊர்போக, நான் சீட்டு எழுதிக் கொடுக்க மறுத்திருக்கிறேன். பேரேட்டில் அவர் பேரில் இரண்டு கத்தி இருந்தது. அவர் கையில் ஒன்றுதான் இருந்தது. நான்தான் தவறுதலாக இரண்டு எழுதியிருந்தேன் என்பது அவர் தாயாரின் காரியம் முடிந்த பிறகு தெரியவந்தது. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்கும் தெரியுது சார்" என்றார் இன்ஸ்பெக்டர், உருண்டையைக் கீழே வைத்து. "ஆனா ரெஜிஸ்தர்ல அடிச்சுத் திருத்தறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. மேல எழுதினா பதில் வர மார்ச் ஆவும்."

அக்கா மேசையருகே வந்தாள். "மார்ச்சுல எம் பேரப்புள்ள குப்புற விழுந்துரும் சார்" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "வேணா ஒண்ணு பண்ணலாம். சுட்டுப் பாத்து, என்ன ஆச்சுன்னு சாட்சிங்க கையெழுத்தோட பஞ்சநாமா எழுதி வச்சா மேலே அனுப்பறதுக்கு ஒரு ஆதாரம் ஆவும். நாளன்னைக்கு மறுநாள் வாங்க" என்றார்.

இருபத்தாறாம் தேதி காலை 10.15. நிலையத்தின் பின்புறம். மதில் சுவருக்கு முன்னால் ஒரு முக்காலியில் பூசணிக்காய். முசியே அந்துவான் பதக்கங்களோடு வந்திருந்தார். பஞ்சநாமாவுக்குச் சாட்சிகளாக எதிர் டீக்கடைக்காரரும் எங்கள் ரிக்‌ஷாக்காரரும். யார் சுடுவது என்பதில் அரை மணி நேரம் போயிற்று. அரசு வழங்காத தோட்டாவைக் காவலர் சுடக் கூடாது. முசியேவுக்கு இந்திய உரிமம் இல்லை. நான் வெளிநாட்டுக்காரன். சட்டப்படி இந்தத் துப்பாக்கியைத் தொடக்கூடிய ஒரே ஆள், உரிமம் வைத்திருக்கும் அக்காதான்.

"அம்மா, உங்களால முடியுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாக்கறேன் சார்."

சுட்டவுடன் விளைவைப் பதிய வேண்டும் என்பதால் ரைட்டர் அந்தத் தடித்த ஆயுதப் பதிவேட்டைக் கொண்டுவந்து, பூசணிக்காய்க்கு மூன்றடி வலப்புறம் இன்னொரு முக்காலியில் சுவரில் சாய்த்து நிறுத்தினார். அக்கா துப்பாக்கியைத் தூக்கியதும் அவர் பதிவேட்டை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் அக்காவுக்குப் பின்னால் வந்துவிட்டோம். தூரத்தை நான் அளந்தேன். பதினெட்டு அடி.

துப்பாக்கியோடு அத்தானுக்கு வந்த தோட்டாக்களில் முதலாவது 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. முப்பது வருடத்துக்குக் குறையாத பழசு.

"பொறுமை, மதாம்" என்றார் முசியே.

அக்கா இரண்டாவதைப் போட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் சாய்த்தாள். குறி பார்த்தாள். ஓலைப்பட்டாசு அளவுக்கு ஒரு சத்தம்.

பூசணிக்காய் அசையவில்லை. அதன்மேல் ஒரு கீறலும் இல்லை. பதிவேடுதான் முக்காலியிலிருந்து மெதுவாக முன்பக்கம் சாய்ந்து, தரையில் குப்புற விழுந்தது.

"ஐயையோ, ரெஜிஸ்தரு!" என்று ரைட்டர் ஜீப்புக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தார். அட்டையின் நடுவே ஒரு சிறு துளை. இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நான் உடன் எண்ணினேன். நாற்பத்தோராவது தாளில், அரைப் பட்டாணி போல நசுங்கிய ஓர் ஈயத்துணுக்கு உட்கார்ந்திருந்தது. அரசு ஆவணத்தைச் சுட்ட குற்றத்துக்கு என்ன தண்டனை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"ஆறு போரா இருந்தா இந்நேரம் முக்காலி இருக்காது" என்றார். "செவுரும் இருக்காது."

"அது சரிங்கய்யா, ரெஜிஸ்தர் போச்சே!" என்றார் ரைட்டர். "நாப்பது பக்கம் ஓட்டை. எத்தினி நம்பரு போச்சோ!"

"ஆமா. சேதமான பதிவேட்ட வச்சுக்கிட்டு நாம எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது." இன்ஸ்பெக்டரின் குரல் மெல்ல மாறியது. பல நாளாக இறுக்கிக் கட்டியிருந்த பெல்ட்டை ஒரு துளை தளர்த்தியவர் போல இருந்தார். "புதுசா ஒண்ணு திறக்கணும். சேதமானதப் பாத்து எழுதக் கூடாது. ஒவ்வொரு ஆயுதத்தையும் நேர்ல பாத்து, அளந்து எழுதணும். அப்படித்தான் விதி."

"எல்லாத்தையுமா?" ரைட்டருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"எல்லாத்தையும். முதல் நம்பரா அம்மாவோடத எழுது."

என் அளவுநாடாவைக் கொடுத்தேன். நீளம், குழல், பட்டை எல்லாம் எழுதினார்கள். 'போர்' கட்டத்துக்கு வந்ததும் ரைட்டர் தயங்கினார். இன்ஸ்பெக்டர் பேனாவை வாங்கி, '6 மி.மீ.' என்று தானே எழுதினார். கட்டத்தில் இடம் போதவில்லை. மி.மீ. அடுத்த கட்டத்துக்குள் வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டார். துப்பாக்கியை ஒப்படைத்தோம். ரசீது கொடுத்தார்கள். பாஸ்போர்ட் அறிக்கை அன்று மாலையே போகும் என்றார்.

வாசல்வரை வந்த இன்ஸ்பெக்டர் அக்காவிடம் தணிந்த குரலில் கேட்டார். "அம்மா, பூசணிக்காய் அவ்ளோ பெருசா இருந்துதே. எப்படித் தவறுச்சு?"

"கை நடுங்கிடுச்சு சார். வயசாயிடுச்சில்ல."

வீட்டுக்கு வந்து காபி குடித்தோம். வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்திருந்தது. அக்கா பிள்ளைக்குத் தைத்துக்கொண்டிருந்த மல் துணிச் சட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நூல் தீர்ந்திருந்தது. அவளிடம் மூக்குக்கண்ணாடி இல்லை, நான் கோத்துத் தரலாம் என்று கையை நீட்டினேன். அவள் கவனிக்கவில்லை. மெல்லிய வெள்ளை நூலை நாக்கில் ஈரப்படுத்தி, ஊசியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். ஊசியும் அசையவில்லை, நூலும் அசையவில்லை. ஒரே போக்கில் நுழைந்து மறுபக்கம் வந்தது.

டைரியைத் திறந்து அன்றைய பக்கத்தைப் பார்த்தேன். காவல் நிலையத்தில் இருந்தபோதே எழுதி முடித்திருந்தேன். 'தோட்டா இரண்டு. ஒன்று வெடிக்கவில்லை. தூரம் 18 அடி. இலக்கு பூசணிக்காய். இரண்டாவது தவறியது.' இன்னொரு முறை படித்துவிட்டுப் பேனாவை எடுத்து, 'தவறியது' என்ற சொல்லை மட்டும் அடித்தேன்.